எட்டுத் துண்டுப் பட்டு

குழந்தைகளே, புதுப் பட்டுத் துணியை முதல் தடவை நனைக்கும்போது சில சமயம் வாளித் தண்ணீர் சிவந்து விடும். 'சாயம் போகுதே' என்று பாட்டி முகம் சுளிப்பார். இழையைப் பிடித்துக் கொள்ளாத சாயம் அது. அச்சுப் பட்டறையில் துணியை அலசும்போதும் இப்படித்தான் சாயம் கரைந்து ஓடும். சுத்தம் செய்யாமல் விட்டால் ஆற்றில் போய்ச் சேரும். பணமும் வீண், ஆறும் பாழ்!

பட்டில் பூ அச்சிடுவது எப்படித் தெரியுமா? சாயத்தைக் கோந்துப் பசையில் குழைப்பார்கள். ஈரத்தைப் பிடித்து வைக்க யூரியா சேர்ப்பார்கள். சில வகைச் சாயங்களுக்கு நம் வீட்டு ஆப்ப சோடாவும் போடுவார்கள். அச்சிட்டுக் காய வைத்தபின் நீராவியில் வேக வைப்பார்கள், இட்லி மாதிரி! அப்போதுதான் சாயம் இழைக்குள் புகுந்து ஒட்டிக் கொள்ளும்.

எவ்வளவு நேரம் வேக வைப்பது? யூரியா எவ்வளவு? சோடா எவ்வளவு? கார வகை மிஞ்சினால் பட்டு நலிந்து போகும். பட்டு ஒரு புரதம் ஆயிற்றே!

'ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் போச்சு' என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். ரசத்தில் புளி கூடினால் உப்பும் கூட வேண்டும் அல்லவா? அதுபோல, குறைந்த நேரத்துக்குச் சரியாக இருந்த யூரியா அளவு, நேரம் கூடினால் சரிப்படாமல் போகலாம்.

இதற்கு வழி கண்டவர் ரொனால்ட் ஃபிஷர். 1919-ல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தவர். வயலில் உரச் சோதனைகளுக்காக அவர் வகுத்த முறைதான் பட்டுக்கும் உதவுகிறது. எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஆனால் திட்டம் போட்டு மாற்ற வேண்டும்.

நேரம், யூரியா, சோடா மூன்றுக்கும் 'குறைவு', 'கூடுதல்' என்று இரண்டிரண்டு அளவு வைத்துக் கொள்ளுங்கள். 2×2×2 = 8 துண்டுத் துணி போதும். சோடா கூடிய 4 துண்டுகளின் சராசரியையும், குறைந்த 4 துண்டுகளின் சராசரியையும் ஒப்பிட்டால் சோடாவின் பலன் தெரிந்து விடும். அதே 8 துண்டுகள் யூரியாவுக்கும் நேரத்துக்கும் பதில் சொல்லும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்தச் சிக்கனம்தான்.

எந்தத் துண்டை முதலில் வேக வைப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால், காலையில் சரியாகச் சூடேறாத கொதிகலனின் குற்றம் யூரியாவின் தலையில் விழும்!

பிறகு ஐ.சி.ஐ. என்ற நிறுவனத்தில் வேலை பார்த்த ஜார்ஜ் பாக்ஸ், கே.பி. வில்சன் இருவரும் 1951-ல் இன்னொரு வழி காட்டினார்கள். சாயங்களும் தயாரித்த நிறுவனம் அது. மூடுபனியில் மலை ஏறுகிறவர் என்ன செய்வார்? சுற்றிலும் காலை வைத்துப் பார்த்து, மேடான பக்கம் நடப்பார். அங்கே நின்று மறுபடி பார்ப்பார். சோதனைகளையும் அப்படியே செய்து கொண்டு போனால், சாயம் மிக அதிகமாகப் பிடிக்கும் உச்சிக்கு வந்து விடலாம்.

சரி, நீராவியின் வெப்பத்தையும் நான்காவதாகச் சேர்த்தால் எத்தனை துண்டுகள் வேண்டும்? ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்!