பல் சொத்தைக்குத் தடுப்பூசி உண்டா?



நமது அறக்கட்டளை நடத்திய பல் மருத்துவ முகாமுக்கு ஒரு தாய் தன் ஐந்து வயது மகனை அழைத்து வந்திருந்தார். கணவர் விசைத்தறியில் வேலை பார்ப்பவர். பையனின் மேல் முன்பற்கள் கரைந்து குச்சி குச்சியாக நின்றன. கடைவாய்ப் பல்லில் பெரிய குழி. மூன்று இரவாகப் பிள்ளை தூங்கவில்லை, சோறும் இறங்கவில்லை என்றார். "போலியோவுக்கு மாதிரி பல்லுக்கும் ஒரு சொட்டு மருந்து இருக்கக் கூடாதா மாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு அன்று சுருக்கமாகச் சொன்ன பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பல்லைப் பூச்சி அரித்துவிட்டது என்று சொல்வது நம் வழக்கம். அது புழுவோ பூச்சியோ அல்ல, கண்ணுக்குத் தெரியாத கிருமி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற முக்கியமான கிருமியை 1924-ல் இங்கிலாந்தில் கிளார்க் என்பவர் கண்டறிந்தார். நாம் தின்னும் சீனியை அது பசையாக மாற்றிப் பல்லில் ஒட்டிக்கொள்கிறது. அதே சீனியை அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம்தான் பல்லின் மேலுறையான எனாமலைக் கரைக்கிறது. பெரும்பாலும் பெரியவர்களின் எச்சில் வழியாகவே, குறிப்பாகத் தாயிடமிருந்து, இந்தக் கிருமி குழந்தைக்குப் போய்ச் சேருகிறது.

கிருமி தெரிந்துவிட்டதால் தடுப்பூசியும் செய்யலாம் என்று விஞ்ஞானிகள் முயன்றார்கள். 1969-ல் லண்டனில் வில்லியம் போவன் குரங்குகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தபோது சொத்தை குறைந்தது. அதே நகரின் கைஸ் மருத்துவமனையில் தாமஸ் லேனர் அந்தப் பணியைப் பல ஆண்டுகள் தொடர்ந்தார். அமெரிக்காவின் பாஸ்டனில் டாப்மன், ஸ்மித் ஆகியோர் கிருமி பசை செய்யப் பயன்படுத்தும் நொதியையே தடுக்க முயன்றார்கள். 1998-ல் புகையிலைச் செடியில் உருவாக்கிய எதிர்ப்பொருளைத் தன்னார்வலர்களின் பல்லில் பூசியபோது, அந்தக் கிருமி நான்கு மாதங்கள் வரை திரும்பி வரவில்லை. இத்தனைக்குப் பிறகும் குழந்தைகளுக்குப் போட எந்தத் தடுப்பூசியும் இன்றுவரை வரவில்லை.

இதற்கு முக்கியமாக மூன்று காரணங்கள். முதலாவது, பல் இரத்தத்துக்குள் இல்லை, எச்சிலில் நனைந்து நிற்கிறது. எனவே எதிர்ப்புச் சக்தி எச்சிலில் போதுமான அளவு சுரந்து, நீண்ட காலம் நிற்க வேண்டும், அது கடினம். இரண்டாவது, சொத்தைக்கு இந்த ஒரு கிருமி மட்டும் காரணமல்ல. மூன்றாவதுதான் பெரியது. இந்தக் கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் சக்தி இதயத் தசையையும் தாக்கிவிடுமோ என்ற ஐயம் ஆய்வுகளில் எழுந்தது. உயிருக்கு ஆபத்தில்லாத நோயைத் தடுக்கப் போய் இதயத்துக்குக் கேடு வரலாமா? அதனால் மிகவும் தயங்கினார்கள். தடுப்பூசி என்றாலே சந்தேகப்படும் நம் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஐயம் தீராத ஊசியைப் பிள்ளைகளுக்குப் போட விடவில்லை. அரசு அட்டவணையில் இருப்பவை பல சோதனைகளைத் தாண்டி வந்தவை. அவற்றைத் தவறவிடாதீர்கள்.

அந்த ஊசி வரும்வரை காத்திருக்க நம் பிள்ளைகளின் பற்களால் முடியாது. 2002-03 தேசிய வாய்நல ஆய்வில், நம் நாட்டில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சொத்தை இருந்தது. ஆனால் மேலை நாடுகளில் தடுப்பூசி இல்லாமலேயே சொத்தை வெகுவாகக் குறைந்திருக்கிறது. அதற்குப் பெரிய காரணம் ஃபுளோரைடு கலந்த பற்பசை. நாம் வீட்டில் செய்ய வேண்டியவை இவைதான்:

• காலையிலும் இரவு படுக்கும் முன்பும் ஃபுளோரைடு பற்பசையால் பல் துலக்க வேண்டும். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதன் பின் பட்டாணி அளவு போதும். விழுங்க விடக்கூடாது. ஏழெட்டு வயது வரை பெரியவர் கையால் துலக்கிவிடுங்கள்.

• சீனி போட்ட பால் புட்டியை வாயில் வைத்தபடி குழந்தையைத் தூங்க விடாதீர்கள். அந்தச் சிறுவனின் முன்பற்கள் கரைந்தது இதனால்தான்.

• மிட்டாய், பிஸ்கட், சர்பத் ஆகியவற்றைச் சாப்பாட்டோடு கொடுங்கள். நாள் முழுவதும் கொறிக்கக் கொடுத்தால் அமிலமும் நாள் முழுவதும் ஊறும்.

• மிஸ்வாக் நம் சுன்னத். அதன் நன்மையை உலக சுகாதார நிறுவனமும் ஏற்றிருக்கிறது. ஆனால் சிறு பிள்ளைகளின் கடைவாய்ப் பல்லுக்குச் சிறிய பிரஷ்ஷும் வேண்டும்.

"பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். கடைவாய்ப் பால் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. அவை சீழ் பிடித்தால் அடியில் வளரும் நிலைப்பல்லும் கெடலாம். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் அங்கன்வாடியில் ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளியில் ஒருமுறையும் மருத்துவக் குழு வந்து பல்லையும் பார்க்கிறது. அன்று பிள்ளையை விடுப்பு எடுக்க விடாதீர்கள். பழுப்புப் புள்ளி தெரிந்தவுடன் காட்டினால் அடைப்பதோடு முடியும். வலி வந்த பிறகு போனால் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டியிருக்கும்.

அந்தப் பையனுக்கு இரண்டு பற்களை எடுக்க வேண்டியதாயிற்று. இடுப்பில் இருந்த அவன் தங்கைக்கு அப்போதுதான் பல் முளைத்திருந்தது. அவளுடைய பற்களையாவது, இன்ஷா அல்லாஹ், காப்பாற்றிவிடலாம்.