சண்டர்லாந்து கால்பந்துக் கழக உரிமை மாற்றம், 2018

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள சண்டர்லாந்து நகரின் கால்பந்துக் கழகம் 1879 இல் தொடங்கப்பட்டது. 2018 இல் இது கைமாறியபோது, புதிய உரிமையாளர்கள் கொடுத்த விலை யாருடைய பணம் என்ற கேள்வி ரசிகர்களிடையே நீண்ட விவாதமானது.

பின்னணி

2017 இல் பிரீமியர் லீக்கிலும், மறு ஆண்டு இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பிலும் கடைசி இடம் பெற்று, கழகம் அடுத்தடுத்துத் தரமிறக்கப்பட்டது. உரிமையாளர் எல்லிஸ் ஷார்ட் அதன் கடன்களைத் தீர்த்துவிட்டு, ஸ்டூவர்ட் டொனால்ட் தலைமையிலான குழுவுக்கு விற்றார். விலை சுமார் 4 கோடி பவுண்டு.

பாராசூட் தொகை

பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கும் கழகத்தின் தொலைக்காட்சி வருவாய் திடீரெனக் குறையும். வீரர்களின் ஒப்பந்தச் சம்பளம் அதே வேகத்தில் குறையாது. இதைச் சமாளிக்க அதிகபட்சம் 3 ஆண்டுகளுக்கு லீக் வழங்கும் உதவியே பாராசூட் தொகை.

ரசிகர்களின் விவாதம்

விலையின் பெரும்பகுதி, கழகத்துக்கு உரிய இத்தொகையிலிருந்தே செலுத்தப்பட்டது. புதிய உரிமையாளர்களின் நிறுவனம் கழகத்துக்குத் தரவேண்டிய கடனாக அது ஆண்டுக் கணக்கில் பதிவானது. பழைய கடன் நீங்கியதே பெரிது என்றனர் ஒரு சாரார். கழகத்தின் பணத்திலேயே கழகத்தை வாங்கினால் அணியைக் கட்ட என்ன மிஞ்சும் என்று கேட்டனர் மறு சாரார். 2019 டிசம்பரில் ரசிகர் அமைப்புகள் டொனால்ட் விலகக் கோரின. அடுத்த மாதம் கழகம் விற்பனைக்கு வந்தது.

பிந்தைய நிலை

2021 பிப்ரவரியில் கிரில் லூயி-ட்ரைஃபஸ் தலைவரானார். அவரிடம் இருந்தது 41 விழுக்காட்டுப் பங்கு மட்டுமே என்பது ஓராண்டு கழித்தே ரசிகர்களுக்குத் தெரிந்தது. அணி 2022 இல் சாம்பியன்ஷிப்புக்கும் 2025 இல் பிரீமியர் லீக்குக்கும் உயர்ந்தது.