மோட்டார் சைக்கிளின் முகவிளக்கும் மின்சார வரவுசெலவும்

இரவில் வழி செல்வோர்க்கு விளக்கே உற்ற துணையாம். அத்துணையைப் பெரிதாக்கிக்கொள்ள விரும்பி, நம் மாணவர் பலர் தம் மோட்டார் சைக்கிளின் முகவிளக்கை மாற்றி வருகின்றனர். அங்ஙனம் மாற்றுமுன் அறிய வேண்டுவன சிலவற்றை ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் செல்லும் சாலை பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் ஆகிய ஊர்களின் வழியே செல்வது. இருமருங்கும் வயல்கள். அறுவடைக் காலத்தில் ஓரத்தில் நெல் பரப்பியிருக்கும்; விளக்கில்லாத சைக்கிளும் மாட்டு வண்டியும் எதிர்ப்படும். சில ஆண்டுகட்கு முன் என் தமையனார் தமது பழைய புல்லட் வண்டியில் 60 வாட் பல்பை அகற்றி 100 வாட் பல்பை மாட்டினார். முதல்நாள் சாலை பட்டப்பகல்போல் ஒளிர்ந்தது. ஒரு வாரங் கழித்து, அம்பாசமுத்திரத்தினின்று இரவில் திரும்புங்கால், விளக்கு மெல்ல மஞ்சளித்து மின்மினியளவாயிற்று. முன்னே சென்ற வைக்கோல் வண்டி கைக்கெட்டும் தூரத்திலேதான் அவர் கண்ணுக்குப் பட்டது. வண்டியை வயலில் இறக்கினார். சேறு தாங்கிற்று, உயிர் தப்பிற்று.

பல்பும் புதிது, பாட்டரியும் புதிது. பின் பிழை யாது? வரவறியாத செலவே பிழை. தாமிரவருணியின் நீரைக்கொண்டு பாபநாசத்தில் 1944ஆம் ஆண்டிலே மின்சாரம் உண்டாக்கத் தொடங்கியதை யாவரும் அறிவர். மோட்டார் சைக்கிளிலும் அத்தகைய நிலையம் ஒன்றுண்டு. ஆல்டர்னேட்டர் என்பதே அந்நிலையம், எஞ்சின் அதனைச் சுழற்றும் நீர், பாட்டரியோ அணை. அணைக்கு வரும் நீரினும் திறந்துவிடும் நீர் மிகுமாயின், எத்துணைப் பெரிய அணையும் வற்றுமன்றோ?

ஒரு கணக்குப் பார்ப்போம். ஆல்டர்னேட்டர் 120 வாட் தருவதாகக் கொள்வோம். முகவிளக்கு 60, பின்விளக்கு 5, எஞ்சினில் தீப்பொறி எழுப்புதற்கு 30, ஆக 95. எஞ்சிய 25 வாட்டில் பிரேக் விளக்கு, ஹாரன் முதலிய இடையிடை வருஞ் செலவுகள் ஒருவாறு அடங்கும். 100 வாட் பல்பை மாட்டினாலோ செலவு 135 ஆகும். 15 வாட் பற்றாக்குறை. பன்னிரண்டு வோல்ட்டில் இது 1¼ ஆம்பியர். 5 ஆம்பியர்மணிப் பாட்டரியாயின் நான்கு மணி நேரத்தில் வெறுமையாம். எஞ்சின் மெதுவாய் ஓடுங்கால் வரவு இன்னுங் குறையும்; ஆகவே ஊர்த்தெருக்களில் ஊர்ந்து செல்வது பாட்டரியை விரைந்து வற்றச்செய்யும். நம் நாட்டில் 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் முகவிளக்கு எரிதல் வேண்டுமென விதித்திருப்பதால், அவற்றில் இச்செலவு பகலிலும் நிற்பதில்லை.

ஆயின் ஒளியைப் பெருக்க வழியே இல்லையோ எனின், உண்டு. முதலாவது, உள்ள மின்சாரம் வழியிற் சிதையாமற் காத்தல். பழைய வண்டிகளில் மின்சாரம் மெல்லிய கம்பிகளையும் தேய்ந்த சுவிட்சையும் கடந்தே பல்பை அடைகின்றது. ஹாலஜன் பல்பில் வோல்ட் நூற்றுக்குப் பத்துக் குறைந்தால், ஒளி ஏறக்குறைய முப்பது பங்கு குறைந்துவிடும். எஞ்சினை ஓடவிட்டு, விளக்கை ஏற்றி, பாட்டரி முனையிலும் பல்பின் முனையிலும் வோல்ட்டை அளந்து பார்க்க. வேற்றுமை அரை வோல்ட்டுக்கு மேற்படின், ரிலே ஒன்று அமைத்து, பியூஸுடன் கூடிய தடித்த கம்பியால் பாட்டரியினின்று பல்புக்கு நேரே மின்சாரம் கொணர்தல் நன்று. அப்போது சுவிட்ச் ரிலேயை இயக்குவதோடு அமையும். பெருமின்சாரத்தைத் தாங்க வேண்டுவதில்லை. சில சிறு வண்டிகளில் முகவிளக்கு பாட்டரியைச் சாராது ஆல்டர்னேட்டரினின்றே நேரே எரியும். அவற்றுக்கு இம்முறை பொருந்தாது.

இரண்டாவது, மங்கிய பிரதிபலிப்பானை மாற்றிக் கண்ணாடியைத் துடைத்து, ஒளி விழும் இடத்தைச் சரிசெய்தல். இதற்கு ஒரு வாட்டும் செலவில்லை.

மூன்றாவது எல்.இ.டி. விளக்கு. இருபது முப்பது வாட்டில் அது ஹாலஜனுக்கு நிகரான ஒளி தரவல்லது. வரவு குறைந்த வண்டிக்கு உதவுவதே. எனினும் ஹாலஜனுக்கென வளைத்த பிரதிபலிப்பானில் எல்.இ.டி. பல்பை வெறுமனே செருகினால் ஒளி குவியாது சிதறி, எதிரே வருவோர் கண்ணைக் கூசச்செய்யும். அதற்கெனவே அமைந்த முழுவிளக்கைப் பூட்டுதலே தக்கது. நாம் காணும்பொருட்டுப் பிறரைக் குருடாக்குதல் முறையன்று.

என் தமையனார் மீண்டும் 60 வாட் பல்பையே மாட்டி, ரிலே அமைத்து, பிரதிபலிப்பானையும் புதுக்கினார். அதன்பின் அச்சாலையில் அவருடன் இரவிற் சென்றபோது, முன்னே செல்லும் மாட்டு வண்டியை வெகுதூரத்திலேயே கண்டோம். வரவறிந்து செலவிடுதல் இல்லத்துக்கு மட்டுமன்று, விளக்குக்கும் பொருந்தும் அறமென்பதை அன்று தெளிந்தேன்.