ஹைபிரிட் எஸ்யூவி பாறை ஏறுமா? வாங்க, கணக்கு போட்டுப் பார்ப்போம்



எந்த எஸ்யூவி விளம்பரத்தை வேணும்னாலும் எடுத்துக்கோங்க. சேறு தெறிக்கும், வண்டி ஆத்துல இறங்கும், பாறை மேல ஏறும். இப்போ பின்னாடி "ஹைபிரிட்"னு ஒரு பேட்ஜும் சேர்ந்துடுச்சு. இதைப் பத்தி ஹாஸ்டல்ல பேச்சு எடுத்தா ரெண்டு கட்சி உருவாகிடும். "மோட்டார்ல ஜீரோ ஆர்பிஎம்லயே ஃபுல் டார்க் மச்சி, ஆஃப்ரோடுக்கு ஹைபிரிட் தான் ராஜா"ன்னு ஒரு கட்சி. "அது மைலேஜுக்கு வெச்ச பேட்டரி, சேத்துல இறக்கினா டிராக்டரைத் தான் கூப்பிடணும்"னு இன்னொரு கட்சி.

ரெண்டு கட்சியும் சொல்றது பாதி தான் சரி. ஏன்னா ஹைபிரிட்ங்கறது ஒரே வகை வண்டி இல்லை. மோட்டார் எங்க உட்கார்ந்திருக்கு, அதுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல எவ்வளவு கியர் இருக்கு, இந்த ரெண்டையும் பார்த்தா தான் பதில் கிடைக்கும். அதைத் தான் இந்தக் கட்டுரையில பார்க்கப் போறோம். ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ் ஞாபகம் இருந்தா போதும்.

பின் சக்கரத்துக்குத் தனி மோட்டார்

முதல் வகைக்கு நல்ல உதாரணம் டொயோட்டா ராவ்4 ஹைபிரிட். 2018-ல் அறிமுகமான ஐந்தாம் தலைமுறையை எடுத்துக்குவோம். முன்பக்கம் எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்து முன் சக்கரங்களை ஓட்டும். பின் சக்கரங்களுக்குத் தனியா ஒரு 40 கிலோவாட் மோட்டார் இருக்கும். முன்னாடி இருந்து பின்னாடி போற புரொபெல்லர் ஷாஃப்டே கிடையாது. கரண்ட் வயர் மட்டும் தான் போகும். இந்த அமைப்புக்கு டொயோட்டா வெச்ச பேரு ஈ-ஃபோர்.

இதுல நிறைய லாபம் இருக்கு. ஷாஃப்ட் இல்லாததால எடை குறையும், உள்ளே இடம் கிடைக்கும், உராய்வு இழப்பும் கம்மி. பனி விழுந்த ரோட்டுல, ஈரமான சரிவுல கிளம்பறதுக்கு இது அருமையான அமைப்பு. முன் சக்கரம் வழுக்க ஆரம்பிச்ச உடனே பின் மோட்டார் கை கொடுக்கும்.

கியர்பாக்ஸுக்கு முன்னாடி மோட்டார்

ரெண்டாவது வகைக்கு ஜீப் ராங்ளர் 4எக்ஸ்இ. அமெரிக்காவுல 2021-ல விற்பனைக்கு வந்தது. 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், அதுக்கு அப்புறம் ஒரு கிளட்ச், அதுக்கு அப்புறம் ஒரு மோட்டார், அதுக்கு அப்புறம் 8 ஸ்பீடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். சாதாரண ஆட்டோமேட்டிக்ல டார்க் கன்வெர்ட்டர் உட்காரும் இடத்துல தான் இங்க மோட்டார் உட்கார்ந்திருக்கு. கிளட்சைப் பிரிச்சுட்டா எஞ்சின் தூங்கும், மோட்டார் மட்டும் வண்டியை ஓட்டும்.

முக்கியமான விஷயம் இது: அந்த மோட்டாரோட டார்க் நேரா சக்கரத்துக்குப் போகாது. கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், ஆக்சில்னு மூணு இடத்துலயும் பெருகிட்டுத் தான் போகும். அதாவது பழைய ஜீப்போட மெக்கானிக்கல் ஃபோர் வீல் டிரைவ் அப்படியே இருக்கு. எலக்ட்ரிக் மோட்டார் அதுக்குள்ள புகுந்திருக்கு, அவ்வளவு தான். லோ ரேஞ்ச் போட்டுட்டு எஞ்சினை எழுப்பாம எலக்ட்ரிக்லயே ஏறலாம்.

20 டிகிரி மேட்டுல ரெண்டு வண்டி

இப்போ பேப்பர் எடுங்க. 20 டிகிரி மேடு, பாதி ஏறி வண்டி நிக்குது. கீழே உருளாம நிக்கறதுக்கு மட்டும் எவ்வளவு டார்க் வேணும்? உருளல் எதிர்ப்பு, கியர் இழப்பு எல்லாத்தையும் விட்டுடுவோம். எடையை சைன் 20-ஆல பெருக்கினா விசை. அதை டயர் ஆரத்தால பெருக்கினா ஆக்சில்ல வேண்டிய டார்க்.

ராவ்4-ல ஆளும் பையும் ஏத்தி 2,000 கிலோன்னு வைப்போம். டயர் ஆரம் 0.35 மீட்டர். விசை சுமார் 6,700 நியூட்டன், ஆக்சில்ல சுமார் 2,350 நியூட்டன் மீட்டர் வேணும். பின் மோட்டாரோட அதிகபட்ச டார்க் 121 நியூட்டன் மீட்டர். அதுக்கு ஒரே ஒரு குறைப்பு கியர் தான். கணக்குக்காக 10-க்கு 1-னு வைப்போம். அப்போ பின் ஆக்சில்ல கிடைக்கறது 1,210. வேண்டியதுல பாதி.

இதோட அர்த்தம் என்ன? முன் சக்கரம் பிடிச்சிருக்கிற வரைக்கும் பிரச்சினை இல்லை, மீதிப் பாதியை அது பார்த்துக்கும். முன் சக்கரம் ரெண்டும் ஈரக் களிமண்ல சுத்த ஆரம்பிச்சா, பின் மோட்டாரால தனியா வண்டியைத் தாங்க முடியாது. ஏறும்போது எடை பின்னாடி சாயும், முன் டயரோட பிடிமானம் குறையும். அதாவது நமக்குப் பின் சக்கரம் ரொம்பத் தேவைப்படுற நேரத்துல தான் அது கையை விரிக்கும்.

இப்போ ராங்ளர். ரூபிக்கான் மாடலை எடுத்துக்குவோம். ஆளோட சேர்த்து 2,500 கிலோ, 33 இன்ச் டயர், அதாவது ஆரம் 0.42 மீட்டர். ஆக்சில்ல வேண்டியது சுமார் 3,520 நியூட்டன் மீட்டர். ராவ்4-ஐ விட அதிகம் தான். ஆனா கியரைப் பாருங்க. முதல் கியர் 4.71, டிரான்ஸ்ஃபர் கேஸ் லோ ரேஞ்ச் 4, ஆக்சில் 4.10. மூணையும் பெருக்கினா 77.2. இதைத் தான் கிரால் ரேஷியோன்னு சொல்வாங்க.

3,520-ஐ 77.2-ஆல வகுத்தா வெறும் 46 நியூட்டன் மீட்டர். அந்த மோட்டாரால 245 வரைக்கும் கொடுக்க முடியும். அஞ்சுல ஒரு பங்கு கூடத் தேவைப்படலை!

ஹீட் தான் உண்மையான வில்லன்

"ஜீரோ ஆர்பிஎம்ல ஃபுல் டார்க்" கட்சிக்காரங்க கவனிக்க வேண்டிய இடம் இது. மோட்டார் சுத்தாம டார்க் கொடுக்கும்போது வெளியே வர்ற மெக்கானிக்கல் பவர் பூஜ்யம். உள்ளே போற கரண்ட் எல்லாம் ஹீட்டாத் தான் மாறணும். சுத்திக்கிட்டு இருந்தா மூணு ஃபேஸும் சுமையை மாறி மாறிப் பகிர்ந்துக்கும். நின்ன இடத்துல நின்னா, எந்த ஃபேஸ்ல கரண்ட் அதிகமோ அந்த வைண்டிங்கும், இன்வெர்ட்டர்ல அதுக்கான சுவிட்சும் மட்டும் தொடர்ந்து வாங்கிக் கட்டிக்கும். சூடு எல்லை தாண்டினா கன்ட்ரோலர் தானாவே டார்க்கைக் குறைச்சுடும். ட்ரிபிள்ஈ நண்பர்களைக் கேளுங்க, கதை கதையா சொல்வாங்க.

தோராயமா டார்க் கரண்டுக்கு நேர் விகிதம், வைண்டிங் ஹீட் கரண்டோட வர்க்கத்துக்கு நேர் விகிதம். ராங்ளர் கேஸ்ல 46-ஐ 245-ஆல வகுத்து வர்க்கம் எடுத்தா சுமார் 0.035. ஃபுல் டார்க்ல வர்ற ஹீட்ல 4 சதவீதம் கூட இல்லை. அதனால பாறை மேல அரை மணி நேரம் ஊர்ந்தாலும் மோட்டார் பெருசா அலட்டிக்காது.

இன்னொரு லாபமும் இருக்கு. எஞ்சினுக்கு ஐடில்னு ஒரு கீழ் எல்லை உண்டு, அதுக்குக் கீழே போனா நின்னுடும். மோட்டாருக்கு அது கிடையாது. 77.2 ரேஷியோவுல மோட்டார் நிமிஷத்துக்கு 1,000 சுத்து சுத்தினா வண்டி மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்துல நகரும். இன்னும் மெதுவா வேணுமா, சுத்தைக் குறைச்சா போதும். எஞ்சின் சத்தமும் இல்லாததால வெளியே நின்னு வழி சொல்றவர் பேசறது தெளிவா கேக்கும்.

ஆக, எலக்ட்ரிக் மோட்டார் வந்துட்டா லோ ரேஞ்ச் கியர் வேண்டாம்னு நினைக்கறது தப்பு. மோட்டாரைச் சூட்டுல இருந்து காப்பாத்தறதே அந்தக் கியர் தான்.

மோட்டாரால தீராத விஷயங்கள்

ஒரு சக்கரம் அந்தரத்துல தொங்கினா? சாதாரண டிஃபரென்ஷியல் ரெண்டு பக்கமும் ஒரே அளவு டார்க் தான் கொடுக்கும். தொங்குற சக்கரத்துக்கு எதிர்ப்பே இல்லாததால, தரையில இருக்கிற சக்கரத்துக்கும் ஒண்ணும் போகாது. மோட்டார் எவ்வளவு பெருசா இருந்தாலும் இது மாறாது. தீர்வு ரெண்டு. சுத்துற சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடிச்சு ஏமாத்தறது ஒண்ணு. டிஃபரென்ஷியலையே பூட்டறது இன்னொண்ணு. ரூபிக்கான்ல முன்னாடியும் பின்னாடியும் லாக்கர் இருக்கு. ராவ்4 பிரேக்கை நம்பித் தான் இருக்கு.

எடையும் இருக்கு. 17 கிலோவாட் அவர் பேட்டரி, மோட்டார், கேபிள் எல்லாம் சேர்ந்து 4எக்ஸ்இ தன்னோட பெட்ரோல் அண்ணனை விட 300 கிலோவுக்கு மேல கனம். பாறையில சமாளிச்சுடலாம். இளகின மணல்ல, சேத்துல அந்தக் கனம் வண்டியைப் புதைக்கும்.

தண்ணியைப் பொறுத்தவரை, ராங்ளர் 76 சென்டிமீட்டர் ஆழம் வரைக்கும் போகும்னு கம்பெனி சொல்லுது. ஹை வோல்டேஜ் பாகங்கள் சீல் பண்ணியிருக்கும். ஆனா ஹைபிரிட் மோடுல எஞ்சின் எப்போ எழும்னு நாம முடிவு பண்றது இல்லை, கம்ப்யூட்டர் தான் முடிவு பண்ணும். நடு ஆத்துல எழுந்து தண்ணியை உறிஞ்சினா எஞ்சின் காலி. அதனால எலக்ட்ரிக்ல தானே போறோம்னு ஆழக் கணக்கை மீறக் கூடாது.

பாதுகாப்புலயும் ஒரு கரும்புள்ளி உண்டு. பேட்டரி செல் பழுதால தீப்பிடிக்கும் அபாயம் இருக்குன்னு 4எக்ஸ்இ வண்டிகள் அமெரிக்காவுல ஒரு தடவைக்கு மேல ரீகால் ஆச்சு. வீட்டை விட்டுத் தள்ளி நிறுத்துங்க, சார்ஜ் போடாதீங்கன்னு ஓனர்களுக்குச் சொன்னாங்க. டிசைன் எவ்வளவு அழகா இருந்தாலும் செல் தயாரிப்புல ஒரு குறை எல்லாத்தையும் கவுத்துடும்.

ஏறறதை விட இறங்கறது முக்கியம்

ஏற முடியலைன்னா அசிங்கம் தான். இறங்க முடியலைன்னா உயிர் போகும். இந்தப் பகுதியை மட்டும் ஸ்கிப் பண்ணாதீங்க.

நம்மில் பலர் ட்ரிப் போற ஊட்டி - மசினகுடி கல்லட்டி பாதையை எடுத்துக்கோங்க. 36 கொண்டை ஊசி வளைவு. ஊட்டி சுமார் 2,200 மீட்டர் உயரம், மசினகுடி சுமார் 1,000 மீட்டர். 1,200 மீட்டர் இறங்கணும். நாலு பேரோட 1,550 கிலோ வண்டின்னா எம்ஜிஎச் போட்டுப் பாருங்க, சுமார் 5 கிலோவாட் அவர். இவ்வளவு சக்தியும் எங்கயாவது போயாகணும்.

"ஹைபிரிட்ல ரீஜென் இருக்கே, பேட்டரிக்குப் போயிடும்"னு தோணும். மாருதி கிராண்ட் விட்டாராவோட ஸ்ட்ராங் ஹைபிரிட்ல பேட்டரி வெறும் 0.76 கிலோவாட் அவர். காத்தும் டயரும் பாதி சக்தியைத் தின்னுடும்னு வெச்சாக்கூட மீதி 2.5 வருது. பேட்டரி முழுக் காலியா இருந்தாலே மூணு தடவை நிரம்பிடும். நிரம்பின அடுத்த நொடியில ரீஜென் வாங்க ஆள் இல்லை. அப்புறம் எஞ்சின் பிரேக்கிங், இல்லைன்னா டிஸ்க் பிரேக். டிஸ்க்கை மட்டும் நம்பிக் காலை வெச்சே இறங்கினா பிரேக் சூடாகி பிடிமானம் போயிடும். அதனால இறக்கம் ஆரம்பிக்கும்போதே லிவரை "பி"க்குத் தள்ளுங்க. எஞ்சின் அந்த வேலையில பங்கு எடுத்துக்கும்.

ராங்ளருக்கும் இதே விதி தான். மலை உச்சியில 100 சதவீதம் சார்ஜ் போட்டுட்டு இறங்கினா அந்தப் பெரிய பேட்டரியாலயும் ரீஜென் வாங்க முடியாது. அங்கே கை கொடுக்கறது லோ ரேஞ்சும் எஞ்சினும் தான்.

நம்ம ஊர் ஷோரூம்ல

கிராண்ட் விட்டாரா 2022-ல இங்க வந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. ஸ்ட்ராங் ஹைபிரிட் வாங்கினா முன் சக்கர டிரைவ் மட்டும். ஆல்கிரிப் ஆல் வீல் டிரைவ் வேணும்னா மைல்ட் ஹைபிரிட். ரெண்டு பேட்ஜும் ஒரே பேருல இருந்தது, ஒரே வண்டியில இல்லை. மைல்ட் ஹைபிரிட்ல இருக்கிற மோட்டார் எஞ்சினுக்கு லேசா உதவி பண்ணும், தனியா மலை ஏத்தாது. ஆல்கிரிப்ல லாக் மோடு இருக்கு, லோ ரேஞ்ச் இல்லை. காட்டு பங்களாவுக்குப் போற மண் ரோட்டுக்கு அது தாராளம். பாறை ஏற அது பிறக்கலை.

அப்பாவோ அண்ணனோ வண்டி பார்க்கப் போகும்போது கூடப் போனா, சேல்ஸ்மேன் கிட்ட இந்த நாலு கேள்வியைக் கேளுங்க:

1. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுல ஷாஃப்ட் இருக்கா, வயர் மட்டும் தானா? வயர் மட்டும்னா பின் மோட்டாரோட டார்க் எவ்வளவு?

2. லோ ரேஞ்ச் இருக்கா? கிரால் ரேஷியோ எவ்வளவு?

3. ஒரு சக்கரம் தொங்கினா வேலை செய்யப் போறது லாக்கரா, பிரேக்கா?

4. பேட்டரி எத்தனை கிலோவாட் அவர்? அது நிரம்பின பிறகு இறக்கத்துல வண்டியைப் பிடிக்கறது யாரு?

நாலாவது கேள்விக்கு மட்டும் பதில் தெரியலைன்னா, டெஸ்ட் டிரைவ் எடுக்கும்போது "பி" எங்க இருக்குன்னு நீங்களே தேடிக் கண்டுபிடிச்சுடுங்க. கல்லட்டி போற ட்ரிப்ல ஓட்டறவனுக்கும் மறக்காம சொல்லிடுங்க.