விழுந்த ட்ரோன் மறுபடி பறக்கலாமா?

2024 செப்டம்பர் 18, பிற்பகல் 2 மணி வாக்கு. அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து வழக்கமான கண்காணிப்புக்குப் போன ஆளில்லா விமானத்தில் கோளாறு. 2020இல் அமெரிக்க நிறுவனத்திடம் குத்தகைக்கு எடுத்த எம்.க்யூ-9பி சீ கார்டியன் அது. வானத்தில் வைத்தே சரிசெய்யப் பார்த்தும் முடியவில்லை. பாதுகாப்பான கடற்பகுதிக்குத் திருப்பி, சென்னைக்கு அப்பால் கடலில் இறக்கிவிட்டதாகக் கடற்படை அறிவித்தது.

அந்தத் தளத்திலிருந்து திருத்தணி சுமார் 15 கிலோமீட்டர். இந்தப் பக்கத்தில் கல்யாண வீடியோ எடுக்கவோ, வயலுக்கு மருந்தடிக்கவோ பறக்கும் ட்ரோனுக்கு விழும் இடத்தைத் தேர்ந்தெடுக்க அத்தனை அவகாசம் கிடைக்காது. மாந்தோப்போ, மொட்டை மாடியோ, எங்கே விழுகிறதோ அங்கேதான் தேட வேண்டும்.

ட்ரோன் தொலைவதற்குத் திருத்தணி மலையே ஒரு காரணமாகலாம். சிக்னல் அறுந்தால், பொதுவாக ட்ரோன் கிளம்பிய இடத்துக்குத் தானாகத் திரும்பும். ஆனால் திரும்பும் உயரத்தைப் பல ட்ரோன்கள் கிளம்பிய தரையிலிருந்துதான் கணக்கிடுகின்றன. திருத்தணியின் தணிகை மலைக்கு 365 படிகள். படிக்கு அரையடி என்றாலும் 180 அடிக்கு மேல் வருகிறது. அடிவாரத்தில் நின்று 30 மீட்டர், அதாவது நூறடிக்கும் குறைவாக, உயரம் வைத்தவரின் ட்ரோன் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டால், திரும்பும் வழியில் பாறை நிற்கும். முன்னால் தடையைக் கண்டுகொள்ளும் சென்சார் இல்லாத மாடல் நேராகப் போய் மோதும்.

தேடக் கிளம்பும் முன் ஆப்பைத் திறந்து பார்க்க வேண்டும். கடைசி ஜி.பி.எஸ். புள்ளி, உயரம், வேகம், மீதமிருந்த சார்ஜ் எல்லாம் பதிவாகியிருக்கும். உயரத்தில் இருக்கும்போதே சிக்னல் போயிருந்தால், அந்தப் புள்ளியைத் தாண்டி ட்ரோன் போன திசையிலும் காற்று வீசிய பக்கமும் தேட வேண்டும். பேட்டரியில் உயிர் இருந்தால், சில மாடல்களை ஆப்பிலிருந்தே பீப் சத்தம் எழுப்பவும் விளக்கு மினுக்கவும் வைக்கலாம்.

மின்கம்பியில் சிக்கியிருந்தால் தொரட்டி எடுக்கக் கூடாது. மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். ரயில் பாதைக்கு மேலே போகும் கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட். அங்கே விழுந்ததை ரயில்வே ஊழியர்தான் எடுக்க வேண்டும்.

கைக்கு வந்ததும் பலர் செய்வது, சுவிட்சைப் போட்டுப் பார்ப்பது. ஆனால் முதலில் கவனிக்க வேண்டியது பேட்டரி. உப்பியிருந்தாலோ, உறை நசுங்கியிருந்தாலோ, கெமிக்கல் வாடை அடித்தாலோ, தண்ணீரில் ஊறியிருந்தாலோ அதைச் சார்ஜ் போடவே கூடாது. லித்தியம் பேட்டரிக்குள் மின்முனைகளைப் பிரிக்கும் மெல்லிய படலம் கிழிந்திருந்தால், பல மணி நேரம் சும்மா இருந்துவிட்டும் தீப்பிடிக்கலாம். வீட்டுக்கு வெளியே, எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாமல், மணல் போட்ட தகர டப்பாவில் வைத்துவிட்டு, பிறகு மின்கழிவு எடுப்பவர்களிடம் ஒப்படைப்பதே வழி.

அடுத்து இறக்கைகள். நகத்தால் ஓரத்தைத் தடவினால் கண்ணுக்குத் தெரியாத பிசிறு தட்டுப்படும். ஒன்றில் கீறல் இருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது நல்லது. மோட்டாரைக் கையால் சுற்றும்போது நறநறவென்றால் உள்ளே மண் புகுந்திருக்கலாம். ட்ரோனின் கைகள் மடியும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

இறக்கைகளைக் கழற்றிவிட்டு, நல்ல பேட்டரி போட்டு ஆன் செய்து, சென்சார், திசைமானி அளவீடுகளைச் சரிபார்க்க வேண்டும். இதை இரும்புக் கம்பிக்கும் காருக்கும் தள்ளி நின்று செய்வது அவசியம். அதன் பிறகுதான் இறக்கைகளை மாட்டி, ஆளில்லாத வெட்டவெளியில், இடுப்புயரத்தில் சில நிமிடம் நிறுத்திப் பார்ப்பது. ஒரு பக்கம் சாய்ந்தாலோ, தானாக நகர்ந்தாலோ, ஒரு மோட்டார் மட்டும் அதிகமாகச் சுட்டாலோ சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். விழுந்ததற்கான காரணம் ஆப்பின் பதிவில் பிடிபடாதவரை திருத்தணியின் ஆடிக் கிருத்திகைத் திருவிழாக் கூட்டத்துப் பக்கம் அந்த ட்ரோனைக் கொண்டுபோக நினைக்கவே கூடாது.

2021இன் ட்ரோன் விதிகளின்படி விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ட்ரோன் கிடைக்கவே இல்லை, அல்லது இனித் தேறாது என்றால், அதன் பதிவு எண்ணை ரத்துசெய்ய உரிமையாளர் விண்ணப்பிக்க வேண்டும்.