வின்ச் கயிறு சீராகச் சுற்ற வேண்டுமா?

மலைத் தோட்டங்களில் தேயிலைக்கும் காப்பிக்கும் நடுவே உயரமான சில்வர் ஓக் மரங்கள் நிற்கும். அவை நிழலுக்காக நட்டவை. முற்றிய மரங்களை வெட்டி விற்பார்கள். வெட்டுவது பாதி வேலைதான். சரிவில் கிடக்கும் தடியைச் சாலைக்குக் கொண்டுவருவது மீதி வேலை. யானை இழுத்த காலம் உண்டு. இப்போது பல இடங்களில் டிராக்டரில் பொருத்திய வின்ச் இழுக்கிறது.

வின்ச் என்பது என்ன? இரும்பு உருளை ஒன்று. அதில் கம்பிக் கயிறு சுற்றியிருக்கும். கயிற்றின் முனையில் கொக்கி. கொக்கியைத் தடியில் கட்டிய சங்கிலியில் மாட்டுவார்கள். உருளை சுழலும். கயிறு உருளையில் ஏறும். தடி நகர்ந்து வரும்.

கயிறு ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, வரிசையாகச் சுற்ற வேண்டும். ஆனால் பல நேரம் அப்படிச் சுற்றுவதில்லை. ஒரே ஓரத்தில் மலைபோலக் குவிகிறது. தையல் மெஷினில் பாபின் சுற்றியவர்களுக்கு இது தெரியும். நூல் ஒரு பக்கமாகப் போனால் அந்தப் பக்கமே பருத்துவிடும்.

கயிறு குவிந்தால் என்ன ஆகும்? குவியல் திடீரென்று சரியும். அப்போது தடி ஒரு குலுக்குக் குலுக்கும். பாரத்தோடு குலுங்கினால் கயிறு அறுந்துகூடப் போகலாம். அறுந்த கயிறு சாட்டைபோலத் திரும்பி வீசும். அதன் பாதையில் ஆள் நின்றால் உயிருக்கே ஆபத்து.

கயிறு ஏன் ஓரத்துக்குப் போகிறது? பெரும்பாலும் டிராக்டர் நிற்கும் விதம்தான் காரணம். தடி ஒரு பக்கம் கிடக்கும். டிராக்டர் வேறு பக்கம் பார்த்து நிற்கும். கயிறு கோணலாக வரும். கோணலாக வரும் கயிறு, தடி கிடக்கும் பக்கத்து ஓரத்தையே நாடும். ஆகவே டிராக்டரைத் தடிக்கு நேராக நிறுத்துங்கள். உருளையின் நடுவிலிருந்து கயிறு நேரே போக வேண்டும்.

சரிவான இடத்தில் இது எப்போதும் முடியாது. அங்கே கப்பி உதவும். டிராக்டருக்கு நேராக உள்ள வலுவான மரத்திலோ அடிக்கட்டையிலோ கப்பியைக் கட்டுங்கள். கயிறு கப்பியில் மடங்கித் தடிக்குப் போகட்டும். உருளைக்கு வரும்போது அது நேராகவே வரும். கப்பி எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்? உருளையின் அகலத்தைப் போல் 20 மடங்கு தூரம். உருளை 1 அடி அகலம் என்றால் கப்பி 20 அடி தள்ளி இருக்க வேண்டும். அதைவிடக் கிட்டத்தில் இருந்தால் கயிறு ஓரங்களுக்குப் போகும்போது மறுபடி கோணலாகிவிடும்.

கப்பியைக் கட்டும் மரம் உறுதியானதா என்று பாருங்கள். கயிறு போன வழியே திரும்பி வருமாறு மடங்கினால், 1 டன் இழுவைக்கு அந்த மரம் 2 டன் தாங்க வேண்டியிருக்கும். கயிறு மடங்கும் கோணத்துக்கு உள்ளே யாரும் நிற்கக் கூடாது. கப்பி பிய்த்துக்கொண்டால் கயிறு அந்தப் பக்கம்தான் பாயும்.

சிலர் சுழலும் உருளையில் கயிற்றைக் கையால் தள்ளி வரிசைப்படுத்துகிறார்கள். காலால் மிதித்துத் தள்ளுபவர்களும் உண்டு. அறுந்த கம்பி இழை முள்போல நீட்டியிருக்கும். அது கையுறையில் மாட்டிக்கொள்ளும். உருளை நிற்காது. விரல் உள்ளே போய்விடும். "பத்து வருஷமாக இப்படித்தானே செய்கிறேன்" என்பார்கள். பத்து வருஷம் தப்பியது அதிர்ஷ்டம், திறமை அல்ல. கயிறு குவிகிறதா? இழுப்பதை நிறுத்துங்கள். பாரத்தைத் தளர்த்துங்கள். டிராக்டரைத் திருப்பி நிறுத்திவிட்டு மறுபடி இழுங்கள்.

இன்னொரு தவறு கண்ணுக்குத் தெரியாது. வேலை முடிந்ததும் வெறும் கயிற்றை வேகமாகச் சுற்றிவிடுவோம். அடிச்சுற்று தொளதொளவென்று கிடக்கும். மறுநாள் பாரம் ஏறியதும் மேல் கயிறு அடிச்சுற்றைப் பிளந்து உள்ளே இறங்கும். அங்கே நசுங்கும், சிக்கும். இதற்கு என்ன வழி? கயிற்றை நீளமாக வெளியே விடுங்கள். ஆனால் முழுவதும் விட வேண்டாம். உருளையில் 5 சுற்றாவது எப்போதும் இருக்கட்டும். கொக்கியில் ஒரு சிறிய தடியை மாட்டி மெதுவாக இழுங்கள். அந்த இழுப்பில் கயிறு இறுக்கமாகப் படியும்.

புதுக் கயிறு போடும்போது உருளையின் எந்த ஓரத்தில் முனையைப் பூட்டுவது? இதைக் கையே சொல்லும். முதலில் கயிற்றைச் செங்குத்தாகப் பிடித்துப் பாருங்கள். புரிகள் இடமிருந்து வலமாக மேலே ஏறினால் அது வலப்புரிக் கயிறு. இனி உருளைக்குப் பின்னால் நில்லுங்கள். வலது கையை மூடுங்கள். மூடிய கைதான் உருளை. ஆள்காட்டி விரலை முன்னே நீட்டுங்கள். அதுதான் கயிறு. கயிறு உருளையின் மேற்புறமாக வெளியேறினால் உள்ளங்கை கீழே பார்க்கட்டும். அடிப்புறமாக வெளியேறினால் உள்ளங்கை மேலே பார்க்கட்டும். இப்போது கட்டை விரலை நீட்டுங்கள். அது காட்டும் ஓரத்தில்தான் முனையைப் பூட்ட வேண்டும். இடப்புரிக் கயிறு என்றால் இடது கை. கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட பிறகும் கட்டை விரலுக்கு வேலை இருக்கிறது, பாருங்கள்!