உங்களுக்குத் தெரியுமா? பாய் போலச் சுருளும் டிவி

● கண்ணாடி வளையாது என்பது பாதி உண்மைதான். வளைய விடாமல் தடுப்பது அதன் தடிமன். எந்தப் பொருளாக இருந்தாலும் தடிமனைப் பாதியாக்கினால், வளைக்கத் தேவையான பலம் எட்டில் ஒரு பங்காகிவிடும். சுமார் 30 மைக்ரானுக்கு, அதாவது தலைமுடியில் பாதிகூட இல்லாத அளவுக்கு மெலிந்த கண்ணாடி, காகிதம் மாதிரி வளைந்துகொடுக்கும். 2020இல் வந்த சாம்சங்கின் கேலக்ஸி இசட் ஃபிளிப் போனில் இருப்பது அதுதான். ஆனால் அவ்வளவு மெலிந்தது ஒரு குத்தைத் தாங்காது. அதனால் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் படலம்.

● அந்தப் படலத்துக்கு ஒரு கதை உண்டு. 2019 ஏப்ரலில் முதல் கேலக்ஸி ஃபோல்டு போனை விமர்சனம் எழுத வாங்கியவர்களில் சிலர், கடையில் ஒட்டித் தரும் தாள் என்று நினைத்து அதை உரித்துவிட்டார்கள். அது திரையின் ஒரு பாகம், திரை போயிற்று. விற்பனை செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. புதுப் போன் கையில் கிடைத்ததும் தாளை உரிக்காத விரல் யாருக்கு இருக்கிறது?

● வீட்டில் ரப்பர் இருக்கிறதா? பென்சிலை அழிக்கிற ரப்பர்தான். அதன் பக்கவாட்டில் நெருக்க நெருக்கமாகச் செங்குத்துக் கோடுகள் போட்டுவிட்டு, இரு முனைகளும் கீழே வரும்படி வளையுங்கள். மேல்பக்கம் கோடுகள் விலகும், கீழ்ப்பக்கம் நெருங்கும். நடுவில் மட்டும் இடைவெளி அப்படியே இருக்கும். அந்த நடுப்பகுதி இழுபடுவதும் இல்லை, நசுங்குவதும் இல்லை. சுருளும் திரையை வடிவமைப்பவர்களுக்கு அந்த நடு இடம் தங்கம். எளிதில் உடையும் அடுக்கை அங்கே கொண்டுபோய் வைப்பதற்காகவே, மேலும் கீழும் மற்ற அடுக்குகளின் தடிமனைக் கூட்டிக் குறைப்பார்கள்.

● உடைவது எது? திரைகளில் பரவலாகப் பயன்படும் இண்டியம் டின் ஆக்சைடு என்ற ஒளி ஊடுருவும் மின்கடத்தி அவற்றில் ஒன்று. ஒன்றிரண்டு சதவீதம் இழுபட்டாலே அதில் விரிசல் விழும். 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள தாளை 5 மில்லிமீட்டர் ஆரமுள்ள குழாயில் சுற்றினால் அதன் வெளிப்பக்கம் எவ்வளவு இழுபடும் தெரியுமா? ஒரு சதவீதம். விளிம்பில் நிற்கிற பிழைப்பு!

● 200 பக்க நோட்டை வளைத்தால் சுலபமாக வளையும். ஓரத்தைப் பாருங்கள், தாள்கள் ஒன்றையொன்று தாண்டிப் படிக்கட்டாக நிற்கும். எல்லாத் தாளுக்கும் பசை தடவிக் காயவைத்துவிட்டு வளையுங்கள். பலகை! திரையின் அடுக்குகளும் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் வழுக்கியாக வேண்டும், ஆனால் பிரிந்துவிடக் கூடாது. எனவே அங்கே இறுகிப்போகும் பசை உதவாது; ஜெல் மாதிரி நெகிழ்ந்து, விட்டதும் பழைய இடத்துக்கே திரும்புகிற பசை வேண்டும். இந்தத் துறையில் அதிகம் பேசப்படாத நாயகன் இந்தப் பசைதான் என்பது என் கட்சி.

● ஓஎல்இடி திரைக்கு முதல் எதிரி ஈரம். ஒரு சதுர மீட்டர் பரப்பு வழியாக ஒரு நாளில் ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீராவிக்கு மேல் உள்ளே போகக் கூடாது என்பது வழக்கமான இலக்கு. சாதாரண பிளாஸ்டிக் தாளில் கிராம் கணக்கில் புகுந்துவிடும். சுருட்டும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் விழுந்தால் போதும், நாளாக நாளாக அங்கே ஒரு கரும்புள்ளி வளரும்.

● திரையின் அடித்தளமாக இருக்கும் பாலிஇமைடு பிளாஸ்டிக், நிலவில் இறங்கிய அப்போலோ கலத்தில் தங்கக் காகிதம் மாதிரி மின்னியதே, அதே குடும்பம். 400 டிகிரிக்கு மேல் சூடு தாங்கும். தயாரிக்கும்போது அதைக் கண்ணாடிப் பலகைமேல் பூசி, திரை முழுவதையும் அதன்மேல் கட்டி முடித்து, கடைசியில் லேசரால் கண்ணாடியிலிருந்து பிரித்தெடுக்கிறார்கள்.

● மடக்குவதைவிடச் சுருட்டுவது திரைக்கு இதமானது. மடிக்கிற போனில் ஒரே கோடு திரும்பத் திரும்ப அடிவாங்கும். சுருளில் வளைவு பரந்துவிடுவதால் மடிப்புத் தடம் விழாது. ஆனால் இன்னொரு தலைவலி. மடிக்கிற போனில் இரண்டு பக்கமும் கெட்டியான தகடு முட்டுக்கொடுக்கும். சுருள்கிற திரைக்குப் பின்னால் முட்டுக்கொடுப்பதும் சேர்ந்து சுருள வேண்டுமே! எல்ஜியின் 65 அங்குலச் சுருள் டிவியின் முதுகைப் பார்த்தால் விடை தெரியும்: கடை ஷட்டர் மாதிரி குறுக்கே வரிசையாகப் பட்டைகள். ஒரு திசையில் விறைப்பு, மறு திசையில் சுருள். 2020 அக்டோபரில் தென் கொரியாவில் அதன் விலை 10 கோடி வோன். ஷட்டருக்கு அவ்வளவா என்று கேட்காதீர்கள்.

● எல்ஜி 2021 ஜனவரியில் சுருள் திரை போன் ஒன்றையும் காட்டியது. ஏப்ரலில் போன் தொழிலையே விடுவதாக அறிவித்துவிட்டது. கடைக்கு வந்து சேர்ந்தது லெனோவோவின் லேப்டாப்: 2025 ஜனவரியில் அறிமுகமானது, பட்டனைத் தட்டினால் 14 அங்குலத் திரை மேல்நோக்கி 16.7 அங்குலமாக வளரும்.

● தையல்காரரின் இஞ்சு டேப் நீட்டிப் பிடித்தால் தொங்கிவிடும். ஆசாரியின் ஸ்டீல் டேப் நீட்டினால் நிற்கும், விட்டால் சுருண்டு ஓடும். இரும்பு என்பதால் மட்டுமல்ல. குறுக்கே லேசாகக் குழிந்திருக்கிறதே, அந்தக் குழிவுதான் அதை நிமிர்த்தி வைக்கிறது. இதே உபாயத்தில் கார்பன் இழைக் கம்பங்களோடு சுருட்டி வைக்கும் சூரியத் தகடு ஒன்றை 2017 ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் விரித்துப் பார்த்தார்கள். அழகாக விரிந்தது. சோதனை முடிந்து திரும்பச் சுருட்டிப் பூட்டப் பார்த்தபோதுதான் பூட்டு விழவில்லை. வேறு வழியில்லாமல் விண்வெளியிலேயே கழற்றி விட்டுவிட்டார்கள்.